மேலே போன அப்பா

ஜூன் 4
மாடிப்படியில் இன்றும் சுண்டுவின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. இன்னொன்று எங்கே என்றால், "அது முன்னாடியே வந்துடுச்சு தாத்தா" என்கிறாள். நாலு வயதுக்கு இத்தனை வாய்! இவள் அப்பன், என் மகன், எல்லையில் குண்டடிபட்டு இறந்தபோது இவள் குப்புற விழக்கூடப் பழகவில்லை.

அவன் படைப்பிரிவிலிருந்து மருமகளுக்குப் போன் வந்ததாம். அடுத்த மாதம் நினைவுக்கல் திறக்கிறார்கள். குழந்தையைக் கூட்டிப்போவதா? இன்னும் முடிவு செய்யவில்லை.

ஜூன் 6
மேல்வீட்டுத் தையல்காரம்மா வந்தார். உட்காரச் சொன்னேன். நின்றபடியே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பாப்பா தினமும் மேல வந்து, எங்கப்பா இருக்காரான்னு கேக்குது."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன்.

"என்னத்தச் சொல்ல? இன்னும் வரலைன்னு சொல்லிட்டேன். கட்டிலுக்கு அடியில எல்லாம் குனிஞ்சு பாத்துட்டுப் போகுது."

அவர் போன பிறகுதான் உறைத்தது. அப்பா எங்கே என்று அவள் கேட்டபோதெல்லாம் நாங்கள் சொன்னது ஒன்றே: "மேல போயிட்டார்." எங்களுக்கு மேலே என்றால் வானம். அவளுக்கு மாடி.

செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது மங்கல வழக்கு என்று வருஷா வருஷம் தமிழ் இலக்கண வகுப்பில் எடுத்துக்காட்டுச் சொன்னவன் நான். நல்லவேளை, தூங்குகிறார் என்று சொல்லவில்லை. எழுப்பக் கிளம்பியிருப்பாள்.

ஜூன் 7
மருமகளிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பே பாதியில் அழுகையாகிவிட்டது. "கட்டிலுக்கடியிலயா மாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

குழந்தையிடம் நானே உண்மையைச் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாம் மாமா, நானே சொல்றேன். நீங்க உதாரணம் சொல்ல ஆரம்பிச்சுடுவீங்க. பூ உதிரும், இலை உதிரும்னு. அப்புறம் அவ தோட்டத்துல போய்த் தேடுவா."

நியாயம்தான்.

ஜூன் 9
மருமகள் இன்றும் சொல்லவில்லை. மருந்துக்கடை வேலை முடிந்து வந்தவள் துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

ஜூன் 10
சொல்லிவிட்டாள். நான் பக்கத்து அறையில். காதில் விழுந்தது என்று எழுதலாம் — இல்லை, ஒட்டுத்தான் கேட்டேன்.

"அப்பா செத்துட்டார் கண்ணு. சண்டையில குண்டு பட்டுச்சு. செத்துட்டா திரும்பி வர முடியாது. மேல் வீட்டுல இல்ல. எங்கயும் இல்ல."

பிறகு சின்னக் குரல்: "நம்மளப் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிக்கும். வர முடியல, அவ்வளவுதான்."

அப்புறம் இரண்டு பேருடைய அழுகையும் கேட்டது. உள்ளே போகட்டுமா? போய் என்ன செய்ய? போகவில்லை. நானும் இங்கேயே...

ஜூன் 11
சுண்டு பாதிப் படி ஏறினாள். நின்றாள். இறங்கி வந்துவிட்டாள்.

ஜூன் 19
குழந்தை காதில் விழுமே என்று இத்தனை வருஷம் இந்த வீட்டில் அவன் பேச்சையே எடுத்ததில்லை. இப்போது சாப்பிட உட்கார்ந்தால் அவன் கதைதான். கோழிக்கு வழிவிட்டுச் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்ததை இன்று சுண்டு மூன்று தடவை சொல்லச் சொன்னாள். மூன்றாம் தடவை மருமகள் கோழி மாதிரியே ஓடிக் காட்டினாள்.

ஜூலை 5
சுண்டுவையும் கூட்டிக்கொண்டுதான் போனோம். நினைவுக்கல்லைத் திறந்தார்கள். விறைப்பான சீருடையில் ஓர் அதிகாரி எங்களிடம் வந்தார். "உங்கப்பா எங்க இருக்கார் தெரியுமா பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே விரலை வானத்துப் பக்கம் தூக்கினார்.

"செத்துட்டாரு மாமா. உங்களுக்குத் தெரியாதா?"

விரல் மெல்லக் கீழே வந்தது. மருமகள் குழந்தையை இழுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் சுண்டுவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "தெரியும்மா. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார். பிறகு, "தூக்கத்துல பாட்டுப் பாடுவான் உங்கப்பன். கூடாரமே முழிச்சுக்கும்."

இது எங்களுக்குத் தெரியாத சேதி. மருமகள் என்னைப் பார்த்தாள்.

"என்ன பாட்டு?" என்றாள் சுண்டு.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காலரைத் தளர்த்தினார். மண்டியிட்டு அவள் காதோரம் குனிந்தார். எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"இன்னொரு தடவ" என்றாள்.