ரோஜாத் தொட்டியில் புதைத்த பாட்டில்

என் செல்லக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். பத்து நாளாக அப்பா ஏன் வீடியோவில் வரவில்லை என்று கேட்டாய், கேமரா கெட்டுவிட்டது என்று சொன்னேன், அது பொய். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, அவர்தான் முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறார். முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். பாதிக் குற்றம் உன்னுடையது, மீதியில் பெரும்பங்கு என்னுடையது.

லீவுக்கு வந்தபோது உங்கள் கம்பெனியில் செய்தது என்று ஒரு டஜன் பாட்டில் கொண்டுவந்தாய் அல்லவா, மக்காச்சோள மாவிலிருந்து எடுத்த பிளாஸ்டிக், தொண்ணூறு நாளில் மக்கி மண்ணாகிவிடும் என்று வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னாய் அல்லவா, அதை அப்பா அப்படியே பிடித்துக்கொண்டார். நீ கிளம்பிய மறுநாளே உங்கள் கம்பெனிக்கு எழுதி ஐந்நூறு பாட்டில் வரவழைத்துவிட்டார். நம் ஜூஸ் கடையில் ஒரு பலகை வேறு, குடியுங்கள், புதையுங்கள், மறந்துவிடுங்கள் என்று பச்சை எழுத்தில். எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற அவருடைய சிநேகிதர் அதை வாசித்துவிட்டு, ஏண்ணே, புதைச்சா மக்குமா இல்ல முளைக்குமா, முளைச்சா எனக்கும் ஒரு கன்னு எடுத்து வைங்க என்றாராம். ஜூஸ் குடிக்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் சிரித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, தொண்ணூறு நாள்ல மண்ணாகலைன்னா மீசையை எடுத்துடறேன்யா என்று சொல்லிவிட்டார். பாதியா முழுசா என்று அவர் கேட்க, முழுசா என்று இவர் சொல்ல, அத்தனை பேரும் சாட்சி. அந்த மீசைக்குத் தனிச் சீப்பும் தனி எண்ணெயும் உண்டு என்பது உனக்குத் தெரியும், கல்யாணத்தன்று என்னைவிட அதற்குத்தான் அலங்காரம் அதிகம்.

அன்று மாலையே நம் வீட்டுப் பால்கனியில் ரோஜாத் தொட்டியில் ஒரு பாட்டிலைப் புதைத்தார்கள். அன்றிலிருந்து அப்பா காலையில் பல் தேய்க்கும் முன் தொட்டிக்குப் போய்விடுவார். மீந்த ஜூஸை ஊற்றுவார், எங்கிருந்தோ மண்புழு வாங்கிவந்து விடுவார், வேகமா சாப்பிடுங்கடா என்று அதுகளை அதட்டுவார். செடி என்னவோ நன்றாகப் பூத்தது. நாலாவது நாள் நீ கொண்டுவந்த பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது அடியில் ஒரு துண்டுத்தாள் கிடந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. பெரிய உரக்கூடத்தில் அறுபது டிகிரி சூட்டில் வைத்தால்தான் தொண்ணூறு நாளில் மக்கும், வீட்டு மண்ணில் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கலாம் என்று இருந்தது. நான் நாள் பூராவும் தண்ணீர் பரிசோதிக்கிறவள், சும்மா இருப்பேனா, எங்கள் ஆய்வகத்துத் தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியில் செருகிப் பார்த்தேன். இருபத்தாறு. அப்போதே மீசை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தாளை மடித்து நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்குள் வைத்தேன், அப்பாவிடம் சொல்லவில்லை. முதலில், பாவம், ஆசையாக இருக்கிறார், இன்னும் நாலு நாள் போகட்டும் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனபிறகு அந்தக் காரணம் எனக்கே ஒப்பவில்லை. உட்கார்ந்து யோசித்தபோதுதான் உண்மை தெரிந்தது. இருபத்துமூன்று வருஷமாக இந்த மனிதரோடு குடித்தனம் செய்கிறேன், குறட்டை தெரியும், குடல்வால் ஆபரேஷன் தழும்பு தெரியும், எந்தப் பொய்யை எந்தக் குரலில் சொல்வார் என்பதுவரை தெரியும் என்று நினைத்திருந்தேன், ஆனால் அவருடைய மேலுதடு எப்படி இருக்கும் என்று தெரியாது. பார்க்க வேண்டும் போலிருந்தது. அதே சமயம் பயமாகவும் இருந்தது, எதிரே முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து காபி கேட்டால் என்ன செய்வது.

தொண்ணூறாம் நாள் கண்ணாடிக்கடைக்காரர் கையில் மண் தோண்டும் கரண்டியோடு வந்தார், பின்னால் அவர் மனைவி வேடிக்கை பார்க்க நாற்காலியோடு வந்தாள். தோண்டினார்கள். பாட்டில் வெளியே வந்தது. குழாயடியில் கழுவியதும் புதிதாக வாங்கிய நாளைவிடப் பளபளவென்று இருந்தது, மூடி மேல் ஒரு கீறல்கூட இல்லை. அவர் அதில் தண்ணீர் பிடித்து மடமடவென்று குடித்துவிட்டு, ஒரு சொட்டு ஒழுகலண்ணே, நல்ல சரக்கு என்றார். அப்பா இன்னும் தொண்ணூறு நாள் கொடு என்று கெஞ்ச, கொடுக்கலாம், ஆனா அப்ப புருவமும் சேர்த்து என்றார் அவர். அப்பா முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. புத்தகத்திலிருந்து தாளை எடுத்துவந்து உரக்க வாசித்தேன், அறுபது டிகிரி இல்லாமல் போட்ட பந்தயம் பந்தயமே இல்லை, செல்லாது என்றேன். கண்ணாடிக்கடைக்காரர் நல்ல மனிதர், உடனே, அப்ப விடுங்கண்ணே, மீசை பிழைச்சுது என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஆனால் அப்பா தாளை வாங்கி மூக்கருகே வைத்து மெல்ல வாசித்தார். பிறகு, அப்ப என் பேச்சைக் கேட்டுப் புதைச்சவங்க தோட்டத்துலயெல்லாம் இது இப்படியேதான் கிடக்குமா என்று கேட்டார். நேரே கடைக்குப் போய்ப் பலகையை இறக்கினார். திரும்பி வந்து, பந்தயம் செல்லாது, சரி, ஆனா ஊருக்கே தப்பாச் சொன்னேனே அதுக்கு எடுக்கறேன் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கதவு வழியாக, இந்தத் தாள் எப்ப கிடைச்சுது என்ற கேள்வி மட்டும் வந்தது. நாலாவது நாள் என்றேன். தண்ணீர் ஓடும் சத்தம் நின்றுபோனது. நல்லா இரும்மா என்று ஒரே வார்த்தை.

வெளியே வந்தவரைப் பார்த்து நான் சிரிக்கத்தான் தயாராக இருந்தேன். சிரிப்பு வரவில்லை குட்டி. அங்கே இருந்தது உன் உதடு. நடுவில் அந்தச் சின்னப் பள்ளம், கோபம் வந்தால் இடது ஓரம் மட்டும் துடிக்கிறதே, எல்லாம் உன்னுடையது. உனக்கு எங்கள் இரண்டு பேர் ஜாடையும் இல்லை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தினமும் காலையில் நீ என் எதிரே உட்கார்ந்து, என்னோடு பேசாமல், காபி குடிக்கிறாய். ஆறு வாரத்தில் பழையபடி வளர்ந்துவிடும் என்று அவர் நாள் எண்ணுகிறார், நானும் எண்ணுகிறேன், வேறு காரணத்துக்காக. அதற்குள் இரண்டு நாளாவது லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார்.

புதைத்ததைத் தோண்டித் திருப்பிக் கொடுங்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா கேட்டதில் இதுவரை நூற்றெட்டு பாட்டில் திரும்பி வந்திருக்கிறது, பாதி மண்ணோடு. சாதாரண பிளாஸ்டிக்கோடு சேர்க்காமல் தனிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார், எந்த உரக்கூடத்துக்கு அனுப்புவது என்று விசாரித்து மறக்காமல் எழுது. அந்தத் துண்டுத்தாள் எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக அச்சடிக்கச் சொல்லு. தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குப் படு, நினைத்ததெல்லாம் கைகூடி நூறு வயது நன்றாக இரு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

(அப்பாவும் கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவை வாங்கினார், இன்னும் கோபம் என்று மட்டும் எழுதச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுதிவிட்டேன்.)