மூன்று நிமிட டிரங்க் கால்

மணலூர்பேட்டை
29.9.1987

ஹாங்காங்கில் இருப்பவருக்கு,

சாலையில் வெட்டிப் போட்ட புளியமரங்களைத் தாண்டித் தாண்டி நேற்று போஸ்ட் ஆபீசுக்கு நடந்தேன். காத்திருந்து கிடைத்த மூன்று நிமிடமும் நீங்களே பேசினீர்கள். பத்து வருடத்தில் அந்த ஊர் சீனாவின் கைக்குப் போகிறதாம். அதன் பிறகும் வெளிநாட்டுப் போன் உரிமை உங்கள் கம்பெனிக்கே இருக்குமா என்று தூக்கமில்லையாம். யார் ஆண்டால் எனக்கென்ன?

நான் வாயைத் திறக்கும்போது, "டைம் முடிஞ்சிப்போச்சும்மா, நான் இன்னா பண்றது?" என்றார் போஸ்ட் மாஸ்டர்.

போன வார இடஒதுக்கீட்டு மறியலில் மரம் விழுந்து கம்பியெல்லாம் நேற்று வரை அறுந்து கிடந்தது. போன் கம்பெனிக்காரருக்கு ஒரு தந்தி கொடுக்க வழியில்லை. உங்கள் பங்காளிகள் அத்தனை பேரும் ஜெயிலில்.

இரண்டு நாள் பார்த்தோம். அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. உங்கள் அம்மாவுக்கு நான்தான் கொள்ளி வைத்தேன்.

உங்கள் மனைவி