கடைசியாக இறங்குபவள்

ஆலங்காயம்
29 ஜனவரி 2024

பிரியமுள்ள பிரிசில்லாவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே நான் சுகம், தேன்பெட்டிகளும் சுகம். "போன்ல நீங்களே பேசிக்கினு இருப்பீங்க, எதுனாலும் எழுதுங்க" என்று மெசேஜ் போட்டாய். அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அன்றைக்கு நாம் மலை ஏறக் கூட்டிப்போனவர்களில் சென்னை ஆள் ஒருவர் பாறைக்குப் பக்கத்தில் டிரோன் விட்டால் நான் என்ன செய்ய முடியும்? மலைத்தேனீ அடை தொங்குகிற இடம், சத்தமே கூடாது என்று காலையிலேயே சொன்னேன். கேட்டால்தானே! தேனீ கிளம்பியதும் எல்லாரையும் சிதறி ஓடச் சொன்னேன். கொட்டுப்பட்டவர்களோடு நீயும் முதல் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்தே ஆம்பூருக்கு உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். பயந்துவிட்டாய், புரிகிறது. ஆனால் நம் பெட்டியில் இருப்பது சாதுவான தேனீ. பசு மாதிரி.

உனக்கென்று புது முகவலை வாங்கி வைத்திருக்கிறேன். ஈஸ்டருக்குள் வந்துவிடு. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நான் வைக்கிற ரசம் எனக்கே பிடிக்கவில்லை.

உன்
பிரேம்நாத்


ஆம்பூர்
5 பிப்ரவரி 2024

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நானும் அம்மாவும் நலம். கொட்டிய இடமெல்லாம் வற்றிவிட்டது. காதுக்குப் பின்னால் மட்டும் இன்னும் தடிப்பு இருக்கிறது.

பழைய ஷூ கம்பெனியிலேயே திரும்பவும் சேர்ந்துவிட்டேன். ஷூவின் மேல்பாகம், அப்பர், தைக்கிற லைனில் செக்கிங் வேலை. "இன்னா பிரிசி, தேன்காரர் வந்து கூட்டிக்கினு போவலியா?" என்று லைனில் ஒரே கேலி. நான் என்ன சொல்வது? ஒரு பெட்டியிலிருந்து தேனீக் கூட்டம் பறந்துபோனால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிறவர் நீங்கள். ஆம்பூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குத் தேனீ பயம் என்று யார் சொன்னது? உங்கள் கைக்கு முன்னால் என் கைதானே பெட்டிக்குள் போகும்? முகவலையை வேறு யாருக்காவது கொடுங்கள். பீரோவில் என் பச்சை ஸ்வெட்டர் இருக்கிறது, அதை அனுப்பினால் போதும். ரசத்தில் புளியைக் கம்மியாகப் போடுங்கள்.

பிரிசில்லா


ஆலங்காயம்
12 பிப்ரவரி 2024

பிரியமுள்ள பிரிசிக்கு,

ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். கூடவே அத்தைக்கு இரண்டு பாட்டில் தேன். நேரில் வரத்தான் இருந்தேன். முருங்கை பூத்துவிட்டது, பெட்டிகளைத் தோப்புக்கு மாற்றுகிற வேலை ஜாஸ்தி. கோபித்துக்கொள்ளாதே.

ஒரு நல்ல சேதி. மேல்விஷாரத்திலிருந்து அஃப்ஸர் ஜஹான் என்று ஒரு சரித்திரப் பேராசிரியை, தன் மாணவிகளோடு மார்ச் பத்தாம் தேதி ஜவ்வாது மலை ஏற வருகிறார். நடுகல்லும், பழங்காலத்துச் சமாதியான கல்திட்டையும் பார்க்க வேண்டுமாம். எல்லாரும் பெண்கள். நீ கூட இல்லாமல் எப்படி? பேராசிரியை முதலில் தயங்கினார். பிறகு நான் சொன்ன ஒரு விஷயத்தில்தான் சம்மதித்தார். மாடுகளை மீட்கப் போய் உயிரை விட்ட வீரனின் கல்லைக் காட்டுகிறவன் நான். இத்தனை வருஷத்தில் ஒரு ஆளைக்கூட மலையில் விட்டுவிட்டு இறங்கியதில்லை என்றேன். உண்மைதானே? அன்றைக்கு அவ்வளவு கலவரத்திலும் எல்லாரையும் நிறுத்தி எண்ணிப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கச் சொன்னேன்.

வருவாய் என்று நம்பி அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன்
பிரேம்நாத்


ஆம்பூர்
20 பிப்ரவரி 2024

அன்புள்ள உங்களுக்கு,

நான் முதல் ஜீப்பில் ஏறவில்லை.

நீங்கள் கூட்டிப்போகிற கூட்டத்தில் கடைசியாக இறங்குவது யார்? நான்தானே. அன்றைக்கு மஞ்சள் சட்டை போட்ட பெண் தடுக்கி விழுந்தாள். தூக்கிவிட்டு, என் சால்வையை அவள் தலையில் போர்த்திக் கீழே அனுப்பினேன். அதற்குள் தேனீக்கள் என்னைச் சூழ்ந்துகொண்டன. நாம் உட்கார விரிக்கிற தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு புதருக்குள் குப்புறப் படுத்துவிட்டேன்.

நீங்கள் எண்ணியது எனக்கு அங்கே கேட்டது. பேர் கொடுத்து வந்தவர்களை எண்ணினீர்கள். கணக்குச் சரியாக இருந்தது. "எல்லாரும் வந்தாச்சு, எட்றா வண்டிய" என்றீர்கள். கத்தினால் தேனீ வாய்க்குள் போய்விடும் என்று நீங்கள் சொல்லித் தந்திருப்பதால் நான் கத்தவில்லை. பிறகு தனியாக இறங்கி, வைக்கோல் ஏற்றிப்போன வண்டியில் கெஞ்சி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாயங்காலம் போன் செய்தீர்கள். "அந்த மஞ்சள் சட்டைப் பொண்ணு எந்த வார்டு?" என்று கேட்டீர்கள். அதன் பிறகுதான் ஆம்பூர் பஸ் ஏறினேன்.

வேண்டுமென்றே விட்டுவிட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. என்னை உங்கள் கை மாதிரி நினைத்துவிட்டீர்கள். தன் கையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனாலும் எனக்குக் கோபம், இன்னும் தீராத கோபம். நீங்களாகக் கேட்பீர்கள் என்று இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். நீங்கள் நன்றாக எழுதுவீர்கள், நானும் படித்துவிட்டு அழுவேன், விஷயம் அதோடு போய்விடும்.

மார்ச் பத்தாம் தேதி வருகிறேன். உங்களுக்கு உதவியாக அல்ல. அஃப்ஸர் ஜஹான் மேடத்திடம் பேசி, அவர்கள் கூட்டத்தில் ஒருத்தியாகப் பேர் கொடுத்துவிட்டேன். அவர்களிடம் நடந்தது எதையும் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். புளிசாதம் கட்ட மாட்டேன், மருந்துப் பையைத் தூக்க மாட்டேன், எல்லாரோடும் நடுவில் நடப்பேன். கடைசியில் நடக்க வேறு யாரையாவது பாருங்கள்.

கீழே இறங்கியதும் எண்ணுவீர்கள் அல்லவா? என்னையும் எண்ணுங்கள். அதற்கப்புறம் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று நான் அங்கேயே முடிவு செய்துகொள்கிறேன். அவர்கள் வண்டி ஆம்பூர் வழியாகத்தான் திரும்புகிறது. எனக்கு ஒரு சீட் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிரிசில்லா