அம்மாவின் இன்னொரு துடிப்பு

அன்பு வாலுக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் வீடும் ஒருமாதிரி நலம், அங்கே உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது. அம்மாவின் காரியம் முடிந்து நீ திரும்பிப் போன பிறகு இரண்டு முறை பாலைப் பொங்கவிட்டுப் பாத்திரத்தைக் கருக்கினேன், இப்போது கை பழகிவிட்டது. அம்மாவின் துணிகளைச் சித்தி வந்து மடித்து வைத்துவிட்டுப் போனாள், அந்த அலமாரிப் பக்கம்தான் இன்னும் போக முடியவில்லை.

போனில் சொல்ல வாயெடுத்தேன், வேறு ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். போன வாரம் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா கூப்பிட்டார். எந்த மருந்து சரிப்படும் என்று பார்க்க அம்மாவின் தோலில் கொஞ்சம் எடுத்து இதயச் செல்லாக மாற்றி வளர்த்தார்களே, துடிக்கும்போதெல்லாம் மினுக்கென்று ஒளி விடும்படி அதன் மரபணுவில் ஏதோ சேர்த்தார்களே, அது இன்னும் உயிரோடு இருக்கிறதாம். "என் நெஞ்சு இப்ப ரெண்டு இடத்துல உழைக்குது, ஒண்ணுக்காவது சம்பளம் குடுக்கச் சொல்லுங்க" என்று அம்மா சிரிப்பாளே, அதேதான். போனேன். உடம்புச் சூட்டில் வைத்த பெட்டிக்குள் விரல் நகம் அளவு தட்டில் அந்தச் செல்கள், மேலே ஒரு கேமரா. அது ஒளியைப் பார்த்துக் கணினிக்குச் சொல்கிறது, துடிப்பு தடுமாறினால் கணினி மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக் குறைக்கிறது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் இதயத் துடிப்புக் கோடு தாறுமாறாக ஓடியதை நாம் இருவரும்தானே நின்று பார்த்தோம், இங்கே திரையில் அது அலுங்காமல் ஓடியது. "சரியான மருந்து இப்பதாங்க கெடச்சுது, அவங்க போனதுக்கப்புறம்" என்று டாக்டரம்மா தலைகுனிந்தார். யார்மேலும் கோபம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார்.

பிறகுதான் மெல்லச் சொன்னார், இந்த இதயக் கோளாறு தாய்வழியாகப் பிள்ளைக்கும் வரலாம், மகளைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், இருந்தாலும் பயமில்லை, இந்த மருந்து கேட்கும் என்று. மாடி ஏறினால் படபடக்கிறது, வேலைக் களைப்பு என்று நீ சொன்னாய். அம்மாவும் முதலில் களைப்பு என்றுதான் சொன்னாள். லீவு இல்லை, அது இல்லை என்று சாக்குச் சொல்லாதே, இந்த வாரமே போய்ப் பார், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ.

தட்டை நிறுத்திவிடலாமா என்று டாக்டரம்மா கேட்டார். மகளின் சோதனை முடிவு வரட்டும் என்றேன். நல்ல முடிவோடு நீ ஒரு நடை வந்துவிட்டுப் போ, இருவருமாகப் போய் நிறுத்தச் சொல்லலாம், தனியாக அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நோய்நொடி அண்டாமல் நீ நெடுங்காலம் வாழ வேண்டும்.

உன் அப்பா