தரை மூடுமுன்

ஒக்டோபர் 16, வியாழன்

ஜேர்மனியில், டுசல்டோர்ஃபில் மகன் வாங்கிய வீட்டின் சமையலறைத் தரையை இன்று நான் மூட விடவில்லை. எரிவாயுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் அடியில் ஓடுகின்றன. அவற்றின் மேல் தரையைச் சூடாக்கும் குழாய்கள், அதற்கும் மேலே சீமெந்து. மூடினால் பிறகு உடைத்துத்தான் பார்க்க வேண்டும். கார்த்திகையில் பால் காய்ச்ச ஐயர் நாள் குறித்துவிட்டார் என்பதற்காக, கசிவு பார்க்காமலே மூட மகன் அவசரப்பட்டான்.

“அம்மா, இந்த நாளை விட்டால் தை வரைக்கும் நிக்க வேணும்.”

“அப்ப தையில காய்ச்சு. குழாய்க்குள்ள காத்தடிச்சு அளவி முள்ளைப் பாக்காமல் ஒருத்தரும் மூட ஏலாது.”

“மாமி இன்ஸ்பெக்டர் வேலைக்கு வந்திட்டா,” என்று மருமகள் சிரித்தாள்.

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். சரிபாராத வேலையைக் கையளித்ததில்லை. கதிரையை வாசலில் போட்டு அமர்ந்தேன். குழாய் வேலைக்கு வந்தவர் அவற்றுக்குள் காற்றடித்தார். அழுத்தம் காட்டும் அளவியின் முள் மெல்ல இறங்கியது. எரிவாயுக் குழாயின் ஓர் இணைப்பை அவர் இறுக்க மறந்திருந்தார். மகன் முகத்தில் இரத்தமில்லை.

இறுக்கியபின் முள் அசையவில்லை. நாளையும் ஒருமுறை பார்த்துத்தான் மூடுவார்கள்.

“பால் நீங்கள்தான் காய்ச்சவேணும் அம்மா,” என்றான் மகன், திரும்பும்போது காரில். என் கணவர் காலமானபின் இப்படிப்பட்ட மங்கல காரியங்களில் நான் பின்னால்தான் நிற்பேன். ஐயர் என்ன சொல்வாரோ.

பச்சைப் பட்டுச் சேலையை அலுமாரியிலிருந்து வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.