போய்ச் சேராத பச்சை உறை

மார்ச் 4

இன்று தபால் கூடத்தில் ஓடுகிற பெல்ட்டில் பச்சை உறைகள் ஏராளம். ஐம்பது தாண்டியவர்களுக்கெல்லாம் வீட்டுக்கு வருகிற பரிசோதனைப் பெட்டி அது. குச்சியால் கொஞ்சம் மலம் எடுத்து, குழாயில் அடைத்து, பச்சை உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். தபால் பிரிக்கிற எங்களுக்கு அது பொழுதுபோக்கு. உறையின் பின்னால் இருக்கும் அனுப்புநர் பெயரை நான் உரக்கப் படிப்பேன். "மனசாரக் குடுத்திருக்காரு, பத்திரமா பிடி!" என்று எதிரே நிற்கும் நெட்டையிடம் வீசுவேன். கூடமே சிரிக்கும். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷத்தில் நான் சம்பாதித்த நல்ல பெயரே அந்தச் சிரிப்புதான்.

மார்ச் 11

எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. எனக்கொன்று, என் பெண்டாட்டி இவளுக்கொன்று. பார்த்ததும் அலமாரி மேல் தள்ளிவிட்டேன்.

மார்ச் 14

வேலையிடத்தில் உடல்நலக் கூட்டம். பேச வந்த நர்ஸம்மா நல்ல சேதி சொன்னார். குடல் புற்றுநோய் மாதிரி பல வகைகள், இங்கேயே பிறந்தவர்களைவிட வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குக் குறைவாம். ஈரல், வயிறு மாதிரி சிலதுதான் நம்மில் பலருக்கு அதிகமாம். "ஆனா" என்று அவர் அடுத்ததை ஆரம்பித்தபோது வெளியே டீ வந்துவிட்டது. எழுந்து போய்விட்டேன். வேண்டியது கிடைத்தாயிற்று, அப்புறம் என்ன?

வீட்டுக்கு வந்ததும் இவளிடம் அளந்தேன். "நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் வராதாம். ஊர்ல எங்க அண்ணனைப் பாரு, அறுபத்தி நாலு வயசு. கல்லைத் தின்னாலும் செரிக்குது."

"உங்க அண்ணன் வயித்துக்கும் என் வயித்துக்கும் என்ன சம்பந்தம்? என்னோடதை நான் முடிச்சு ஒட்டிட்டேன். நாளைக்கு வேலைக்குப் போறப்போ போட்டுடுங்க. உங்களைக் கட்டிக்கிட்டு நான் தபால்பெட்டி தேடி அலையணுமா?"

மார்ச் 15

இந்த ஊரில் எந்தத் தபால்பெட்டியில் போட்டாலும் எங்கள் பெல்ட்டுக்குத்தான் வரும். எங்கள் பெயரோ முழ நீளம், இங்கே வேறு யாருக்கும் கிடையாது. நெட்டை சும்மா விடுவானா? நுணலும் தன் வாயால் கெடும். அந்தச் சிரிப்பை அவனுக்குப் பழக்கியவனே நான்தானே. அதுவும் இவள் பெயர். என் பெண்டாட்டி பெயரைப் படித்துவிட்டு எல்லாரும் —

அவள் உறையைப் பேருந்து நிறுத்தத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். என் பெட்டியையும் சேர்த்து. நமக்கு வராது என்றுதானே சொன்னார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

ஏப்ரல் 6

"பதிலே வரலையே?" என்று கேட்டாள்.

"ஏதாவது இருந்தாத்தான் எழுதுவாங்க. வரலைன்னா நல்லதுன்னு அர்த்தம்."

பொய் இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று எனக்கே தெரியாது. அவள் நிம்மதியாகத் தலையாட்டினாள். அதைப் பார்க்க முடியாமல் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

மே 20

துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து வருகிறவள், மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது. "வயசாகுதுல்ல" என்கிறாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 3

"வெளிக்குப் போறப்போ ரத்தம் மாதிரி இருக்குங்க. மூலமா இருக்குமோ?" என்றாள். அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். "அந்தப் பரிசோதனைலதான் ஒண்ணுமில்லைன்னு ஆயிடுச்சே."

என் பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சொல்லுடா, இப்பவாவது சொல்லித் தொலைடா. சொல்லவில்லை. "எதுக்கும் டாக்டரைப் பாத்துடலாம்" என்று மட்டும் சொன்னேன். அதுவே ஏதோ வீரம் மாதிரி இருந்தது. சீ.

ஜூன் 9

டாக்டர் கணினியைப் பார்த்தார். "உங்ககிட்டேர்ந்து ஆய்வகத்துக்கு ஒண்ணுமே வரலையே?"

இவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த குடல் படத்தைப் பார்த்தேன். "தபால்ல தொலைஞ்சிருக்கும்" என்றேன். தபால்காரன் வாயிலிருந்து வருகிற பேச்சா இது! பேச்சை மாற்ற, வந்தவர்களுக்கு இந்த நோய் குறைவுதானே என்று கேட்டேன்.

"வந்த புதுசுல குறைவுதான். வருஷம் ஆக ஆக, இங்கத்திய சாப்பாடு, உக்காந்தே பாக்குற வேலை எல்லாம் சேர்ந்து, இங்கே பிறந்தவங்களைக் கொஞ்சம் கொஞ்சமா எட்டிப் பிடிச்சிடுவோம். அதுவுமில்லாம, குறைவுன்னா வராதுன்னு யாரு சொன்னா? வந்தவங்கதான் பரிசோதனைக்குக் கம்மியா வர்றாங்க. தெரியறப்போ முத்திப்போயிருக்கு."

நான் டீ குடிக்கப் போனபோது நர்ஸம்மா சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. எனக்கும் ஒரு புதுப் பெட்டி கொடுத்தார். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 24

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி. புற்றுநோய்தான். வேறெங்கும் பரவின மாதிரி தெரியவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார்கள். இவள் கழிவறைக்குப் போனபோது டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். மார்ச்சிலேயே தெரிந்திருந்தால்?

"உறுதியா சொல்ல முடியாது. சின்னதா இருந்திருக்கலாம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூன் 26

சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். குப்பைத்தொட்டி, நெட்டை, எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அழவில்லை.

"எதுக்கு வெக்கப்பட்டீங்க? அதுல இருந்ததுக்கா, இல்ல என் பேருக்கா?"

"அவன் சிரிப்பானேன்னு..."

"ஒரு நாள் சிரிப்பான். அதுக்காக என்னைத் தூக்கிக் குப்பைல போட்டீங்களா?"

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். வெட்கத்துக்குப் பயந்து செய்த காரியம், கடைசியில் அந்த வெட்கம்தான் எனக்கு மிச்சம்.

ஜூன் 27

எனக்குத் தட்டை மூடி வைத்துவிட்டு, அவள் தனியாகச் சாப்பிட்டாள்.

ஜூலை 5

புதுப் பெட்டியில் நான் அனுப்பியிருந்ததற்கு முடிவு வந்தது. ஒன்றுமில்லையாம். குப்பையில் போட்டவன் வயிறு சுத்தம், நம்பிக் கொடுத்தவள் வயிற்றில் கட்டி. இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல? நெட்டையிடம் சொன்னேன், ஒன்றுவிடாமல்.

அவன் சிரிக்கவில்லை. "எங்க அம்மா அதுலதான் போனாங்க" என்றான்.

"அப்புறம் ஏன்டா இத்தனை நாள் சிரிச்சே?"

"நீ சிரிச்சே. எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் எப்படி சும்மா நிக்கிறது?"

ஜூலை 18

அறுவைச் சிகிச்சை முடிந்தது. கட்டியோடு குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். தையல் ஆறுகிற வரைக்கும், சில மாதம், வயிற்றில் ஒட்டியிருக்கிற ஒரு பையில்தான் மலம் இறங்கும். பை மாற்றச் சொல்லிக்கொடுக்க நர்ஸ் வந்தார். "வீட்டுக்காரரும் பாத்துக்கட்டும்" என்றார்.

"வேணாம். அவரு வெளிய நிக்கட்டும். அவருக்கு இதெல்லாம் கூச்சம்."

நர்ஸ் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. திரைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டேன். முதலில் ஓரத்தைத் தளர்த்தணும், தேய்க்கக்கூடாது, ஈரம் இருக்கவே கூடாது.

ஆகஸ்ட் 2

வீட்டுக்கு வந்துவிட்டாள். பை மாற்ற அந்த நர்ஸே வீட்டுக்கு வருகிறார். நான் செய்யட்டுமா என்று கேட்டேன். வேண்டாம். மறுபடி கேட்டேன். குளியலறைத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

ஆகஸ்ட் 17

ஞாயிறு, நர்ஸ் வரமாட்டார். மதியம் பை கசிந்துவிட்டது. இவள் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். தண்ணீர் ஓடியது, எதுவோ கீழே விழுந்தது, மூக்கை உறிஞ்சினாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு தட்டுவது?

தாழ்ப்பாளை அவளே நீக்கினாள்.

"உள்ள வாங்க. மூக்கைப் பிடிச்சீங்கன்னா திரும்ப வெளிய அனுப்பிடுவேன்."

கை கழுவிக்கொண்டு போய்த் தரையில் மண்டியிட்டேன். பழையதை மெல்லத் தளர்த்தி எடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றினேன், நன்றாகக் காயவிட்டேன், புதுப் பையை வைத்தேன். ஓரத்தை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு அழுத்தினேன்.

"பயப்படாம அழுத்துங்க" என்றாள். "இல்லைன்னா கசியும்."