மூன்று மஞ்சள் காமாலை

ஆடி இரண்டாம் வெள்ளி.

இன்று ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, என் வீட்டுக்காரர், கொழுந்தன், நான்.

"உங்களுக்குக் காமாலை எத்தனை தடவை வந்துது?" என்று டாக்டரம்மா இவரைக் கேட்டார். "ஒரு தபாதான் மேடம்," என்றார் இவர். நான் நோட்டை எடுத்துப் பார்த்து, மூன்று என்றேன்.

"அண்ணி தோசை மாவு புளிச்சதைக்கூட எழுதி வெச்சிக்கினு இருக்காங்க. அவங்ககிட்ட மறைக்கிறியேண்ணா!" என்று கொழுந்தன் சிரித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

மூன்று முறையும் தாமல் கிராமத்துக்குப் போய்ப் பச்சிலை வாங்கி வந்தேன். உப்பில்லாமல் சமைத்தேன். கண் வெளுத்ததும் ‘குணம்’ என்று எழுதிவிட்டு அம்மனுக்கு மாவிளக்கு போட்டேன். ஆனால் மூன்றும் ஒரே வைரஸாம். கண் வெளுத்த பிறகும் அது ரத்தத்தை விட்டுப் போகவே இல்லையாம்.

"ஒவ்வொரு தடவையும் ஈரல் வீங்கி ஆறும்போது தழும்பு விழுதும்மா. வருஷக்கணக்கா அப்படியே இருந்தா சில பேருக்குப் புற்றுநோயா மாறலாம். எல்லாருக்கும் இல்லை," என்றார் டாக்டரம்மா.

இவருக்கு எடுத்த ஸ்கேனில் ஈரலில் ஒரு புள்ளி தெரிகிறது. இன்னொரு ஸ்கேன் எடுத்தால்தான் அது என்னவென்று சொல்ல முடியுமாம். அந்த வைரஸ் ஒட்டக்கூடியதாம், அதனால் எனக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டுமாம்.

"நீ மூணுன்னு சொல்லித்தான் அந்தம்மா பயமுறுத்துது," என்றார் இவர் பஸ்ஸில். விளையாட்டாகத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

காமாலை வந்த நாட்களை மட்டும் எழுதினேன். நன்றாக இருக்கிறார் என்று நினைத்து எழுதாமல் விட்ட வருடங்களில்தான் அது உள்ளே இருந்திருக்கிறது. இனி நான் எதைப் பார்ப்பது, எதைச் சமைப்பது?

தாயே, புதன்கிழமை ஸ்கேன். அது என்னவென்று சீக்கிரம் சொல்லிவிடு.